படம் பிடித்தவர் எங்கே?



கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடற்கரைக்கோ, வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கோ போய் வராத குடும்பம் நம் புறநகர்களில் அபூர்வம். தண்ணீர் எடுத்துப்போக மறந்தாலும் மறப்போம். படம் பிடிக்க மறப்பதில்லை. இந்த வாரம் அதைப்பற்றி ஒரு சிறு பாடம் படிப்போம். பாடத்துக்கு முன் ஒரு கேள்வி: உங்கள் வீட்டு ஆல்பத்தில் யார் இல்லை?

சாமானியக் குடும்பத்தின் கைக்குக் காமிரா வந்தது 1900-ம் ஆண்டில். அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கோடக் கம்பெனியார் 'பிரௌனி' என்னும் அட்டைப்பெட்டிக் காமிராவை 1 டாலருக்கு விற்கத் தொடங்கினார்கள். சிறு பிள்ளைகளும் அதைக் கையாளலாம் என்று விளம்பரம் செய்தார்கள். நம் நாட்டில் பல வீடுகளுக்கு முதல் காமிராவாக வந்தது அக்ஃபா கிளிக். அதில் 120 என்ற பிலிம் சுருளைப் போடவேண்டும். ஒரு சுருளுக்கு 12 படம். வெயிலுக்கு ஓர் அடையாளம், மேகத்துக்கு ஓர் அடையாளம். அதைத் திருப்பி வைத்துக்கொண்டு அமுக்கவேண்டியதுதான்.

இத்தகைய காமிராக்களோடு ஒரு விதியும் சேர்ந்து வந்தது. சூரியன், படம் பிடிப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். அக்காலத்துப் பிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். ஆகவே எதிரில் நிற்பவர் முகத்தில் வெயில் நேராக விழவேண்டும். இந்த விதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு தாம்பரத்தில் இருந்தது. 1931-ல் கடற்கரை ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயிலில்தான் என் தகப்பனார் தினமும் வேலைக்குப் போவார். 1960-களில், வருஷத்துக்கு இரண்டு தடவை, அதே ரயிலில் எங்களையும் மெரீனாவுக்கு அழைத்துப் போவார். அம்மா கையில் புளிச்சோறு, அண்ணன் கையில் தண்ணீர்க் கூஜா, அப்பா தோளில் காமிரா. 1959-ல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலைக்கு முன்னால் ஒரு படம், அலையோரத்தில் இரண்டு படம். பன்னிரண்டுக்கு மேல் இல்லை என்பதால், எங்களை வரிசையாக நிறுத்தி, தம்பியின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு, யோசித்து யோசித்துத்தான் அமுக்குவார்.

"நீங்களும் வந்து நில்லுங்களேன்" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

"நீ பிடித்தால் ஆட்டிவிடுவாய். பிலிம் வீணாகிவிடும்" என்பார் அப்பா.

அப்பா 1988-ல் காலமானார். வீட்டில் மாட்டுவதற்கு ஒரு படம் வேண்டுமென்று மூன்று ஆல்பங்களையும் புரட்டினோம். அம்மா இருந்தார், நாங்கள் இருந்தோம், அத்தை இருந்தார், பக்கத்து வீட்டுப் பையன்கூட இருந்தான். அப்பா இல்லை. கடைசியில் ஆபீஸ் அடையாள அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தை ஸ்டூடியோவில் பெரிதாக்கி மாட்டினோம். மங்கலான படம். எங்களோடு மணலில் உட்கார்ந்து சிரித்த முகம் அதில் இல்லை.

சில மாதங்களுக்குப் பிறகு அம்மா ஒரு பழைய படத்தைக் காட்டி, "இதோ இருக்கிறாரே" என்றார். மெரீனாவில் மாலை வேளையில் எடுத்த படம். கடல் கிழக்கே, சூரியன் மேற்கே. எங்களைக் கடலோரம் நிறுத்திவிட்டு, விதிப்படி சூரியனை முதுகில் வாங்கி நின்றிருக்கிறார் அப்பா. அவருடைய நிழல் மணலில் நீண்டு எங்கள் காலடிவரை வந்திருந்தது. காமிராவைத் தூக்கிப் பிடித்த இரண்டு முழங்கைகளும் அதில் தெரிந்தன. பிறகு தேடியபோது இன்னும் ஏழெட்டுப் படங்களில் அந்த நிழல் அகப்பட்டது.

இனி பாடத்துக்கு வருவோம்.

முதலாவது, இடம் மாறுங்கள். இப்போது கைபேசி இருப்பதால் பிலிம் வீணாகும் கவலை இல்லை. ஆனாலும் எல்லோரையும் நிறுத்திப் பிடிக்கிற அந்த ஒருவர் இன்றும் படத்துக்கு வெளியேதான் நிற்கிறார். பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். படம் கோணலாக வந்தாலும் பாதகமில்லை. அல்லது கைபேசியை ஒரு பெஞ்சின்மேல் சாய்த்து வைத்து, பத்து விநாடி கழித்துப் பிடிக்கும்படி செய்துவிட்டு ஓடிவந்து நில்லுங்கள்.

இரண்டாவது, முதியோரை விட்டுவிடாதீர்கள். "எனக்கு எதற்குப் படம்?" என்பார்கள். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்ற பழைய பயமும் சிலருக்கு உண்டு. வற்புறுத்தவேண்டாம். பேரப்பிள்ளையோடு பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும் வேளையில் சம்மதம் கேட்டுப் பிடியுங்கள்.

மூன்றாவது, பெயர் எழுதுங்கள். படத்தின் பின்புறம், ஓரமாக, மென்மையான பென்சிலால் எழுதுவது நல்லது. பேனா மை ஊறும். பால்பாயிண்டை அழுத்தினால் முன்பக்கத்தில் தடம் விழும். வருஷம், இடம், நிற்பவர்களின் பெயர் ஆகியவற்றோடு, படம் பிடித்தவர் பெயரையும் எழுதுங்கள்.

நான்காவது, பத்திரப்படுத்துங்கள். பசைத் தாளும் பிளாஸ்டிக் உறையும் உள்ள ஆல்பங்களில் பசை பழுப்பேறிப் படத்தைக் கெடுக்கும். ஈரச் சுவரை ஒட்டிய அலமாரியில் பூஞ்சணம் பிடிக்கும். கைபேசியில் மட்டுமே உள்ள படங்கள், அது தண்ணீரில் விழுந்தால் அதோடு போகக்கூடும். ஆகவே வருஷத்துக்கு 12 படங்களையாவது தேர்ந்தெடுத்து அச்சிட்டு வையுங்கள். அந்தக் காலத்தில் ஒரு பிலிம் சுருளுக்கு இருந்த அதே கணக்கு.

வீட்டில் கூடிப் பேசுவதற்கு:

1. நம் ஆல்பத்தில் மிகக் குறைவாக இருப்பவர் யார்?

2. பெயர் தெரியாத முகங்கள் எத்தனை? அவற்றை இனங்கண்டு சொல்லக்கூடிய பெரியவர் யார்? இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போய்க் கேட்க முடியுமா?

3. அடுத்த தடவை கடற்கரைக்குப் போகும்போது, வழக்கமாகப் படம் பிடிப்பவர் கையிலிருந்து கைபேசியை முதலில் வாங்கப்போவது யார்?