யாருடைய பண்பாடு?

அன்புள்ள கதிர்,

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நியாயம் இருக்கும்போது சரி, தப்பு என்று வெளியிலிருந்து சொல்ல நாம் யார் என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியில் இருக்கும் பணிவு எனக்குப் பிடித்தது. ஆனால் நான் இருக்கும் இந்தக் கொல்கத்தாவில், ஓர் அரசாங்கம் அதையே கொள்கையாக வைத்து ஆண்டு பார்த்திருக்கிறது.

உடன்கட்டையைச் சொல்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதைத் தடுக்கப் பயம். மதத்தில் கைவைத்தால் ஆட்சி ஆட்டம் காணும். அதனால் பண்டிதர்களிடம் கேட்டு, 1813இல் ஒரு விதி செய்தார்கள். பெண் மனமுவந்து ஏறினால் தடையில்லை. கட்டாயப்படுத்தினாலோ, போதை கொடுத்தாலோ, அவள் கர்ப்பிணியாக இருந்தாலோ கூடாது. விதிப்படி நடக்கிறதா என்று சிதையருகே போலீஸ்காரர் நின்று பார்த்தார். கணக்கும் எழுதினார்கள்: வங்காள மாகாணத்தில் 1815இல் 378 பேர், 1818இல் 839 பேர். இந்த ஏற்றத்துக்கு அப்போது பரவிய காலராவும் ஒரு காரணம்தான். ஆனால் போலீஸ் நிற்பதையே சர்க்கார் அனுமதியாக ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று அதிகாரிகளே எழுதினார்கள்.

மனமுவந்தாளா என்று யார் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள்? புருஷன் உடல் ஆறுவதற்குள், அவன் உறவுக்காரர்கள் சூழ்ந்து நிற்கும்போது. வங்காளத்தின் தாயபாகம் என்ற வாரிசுச் சட்டப்படி பிள்ளையில்லாத விதவைக்குக் கணவன் சொத்தில் ஆயுள் உரிமை உண்டு. சுற்றி நின்றவர்களில் சிலருக்கு அவள் உயிரோடு இருப்பதே நஷ்டம்.

'அது அவர்கள் பண்பாடு' என்கிறாயே, எவர்களுடையது? மிருத்யுஞ்சய வித்யாலங்கார் என்ற பண்டிதர், சாஸ்திரம் இதைக் கட்டாயமாக்கவில்லை என்று 1817இலேயே கருத்துச் சொன்னார். மறு வருஷம் சீர்திருத்தவாதி ராம்மோகன் ராய் அதே சாஸ்திரங்களைக் கொண்டே வங்க மொழியில் எதிர்ப்பு நூல் எழுதினார். எதிரணியில் கொல்கத்தாப் பிரமுகர் ராதாகாந்த தேவ். அவரை வில்லனாக நினைத்துவிடாதே. பெண் கல்விக்கு ஆதரவு தந்தவர். அதாவது சண்டை வெள்ளைக்காரனுக்கும் வங்காளிக்கும் இடையில் இல்லை, வங்காளிகளுக்குள்ளேயே.

1829 டிசம்பர் 4இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் தடைச் சட்டம் கொண்டுவந்தார். இதில் வேடிக்கை, சட்டம் வேண்டாம், ஓசைப்படாமல் தடுக்கலாம் என்று அவருக்கு யோசனை சொன்னவர் ராம்மோகனே. சட்டம் வந்ததும் அதன் பக்கம் நின்றார். எதிர்த்தவர்கள் தர்ம சபா தொடங்கி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1832இல் தோற்றார்கள்.

இதனால் ஆங்கிலேயரை அறத்தின் அத்தாரிட்டியாக்கவும் வேண்டாம். 1833இல் தங்கள் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்த பார்லிமென்ட், கம்பெனி ஆண்ட நிலத்துக்கு விலக்குக் கொடுத்தது. இங்கே சட்டம் வர 1843 ஆயிற்று. பொது அளவுகோல் ஒன்று உண்டு என்பது என் கட்சி. அதைக் கையில் வைத்திருப்பதாகச் சொல்பவன் ஒழுங்காக அளப்பான் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

உன் பக்கமும் நியாயம் உண்டு. இங்கே பிராமண வீட்டுக் கல்யாணத்தில் மீன் பரிமாறுவார்கள். மயிலாப்பூரிலிருந்து வருபவர்கள் மிரள்வார்கள். அதில் தீர்ப்புச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதே வீடுகளில் விதவைக்கு மட்டும் மீன் கூடாது, வெங்காயம் கூடாது, மசூர் பருப்புகூடக் கூடாது என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள். மனைவியை இழந்த ஆண் வழக்கம்போல மீன் சாப்பிட்டான். இதையும் ஊர் வழக்கம் என்று விட்டுவிடலாமா? அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அத்தை