வேலியோரத்து விருந்தாளி

மேலைநாட்டார் இளவேனிற் காலத்தில் பறவைகளின் வரவை எதிர்நோக்குவர். நம் நாட்டிலோ முறை மாறுகிறது. வடக்கே குளிர் நெருங்கும்போது இங்கு வந்து, பங்குனி சித்திரையில் திரும்பிச் செல்லும் பறவைகள் பல. அவற்றுள் ஒன்று பழுப்புக் கீச்சான்.

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே, தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் ஊர் கொழிஞ்சாம்பாறை. புரட்டாசி பிறந்ததும் அங்கு நான் வேலியோரங்களைக் கவனிப்பேன். மைனாவினும் சிறிய உடல். பழுப்பு நிற முதுகு. கண்ணின் குறுக்கே கரிய பட்டை. பாடும் பறவைகளின் வகையைச் சேர்ந்ததாயினும், வந்தவுடன் அது எழுப்புவது கரகரத்த கூச்சலே. குச்சியின் நுனியில் அமர்ந்திருந்து, வெட்டுக்கிளியைக் கண்டதும் பாய்ந்து பிடிக்கும். சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் கூடு கட்டும் இப்பறவை, முன்னாண்டு தங்கிய இடத்துக்கே மீண்டு வருவதும் உண்டு. காலில் வளையமிட்டு ஆராய்ந்தோர் இதனைக் கண்டுள்ளனர்.

இரண்டாண்டுகள் அது வந்த நாளைக் குறித்து வைத்தேன். மூன்றாம் ஆண்டு அந்த வேலியில் அதைக் காணவில்லை. பறவை வரவில்லையா? நான் சென்று பார்த்த நாட்கள்தாம் குறைவா? என் ஏடு விடை கூறவில்லை. கண்ட நாளை எழுதினேன். தேடியும் காணாத நாட்களை எழுதவில்லை. அதுவே நான் செய்த பிழை.

இது சிறு பிழை அன்று. ஜப்பானில் ஒரு காலத்தில் எளிதாகக் காணப்பட்ட பழுப்புக் கீச்சானின் கிளையினம் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டு ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் அறிக்கை வெளிவந்தது. நெடுங்காலப் போக்கை அறிய முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்துள்ளன என்று அது காட்டியது. சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் எழுதிய குறிப்புகளே அதற்கு அடிப்படை. அரை மணி நேரத்தில் கண்ட பறவைகள் அனைத்தையும் ஒருவர் எழுதினால், அப்பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு செய்தி கூறும். முன்பு நூற்றில் நாற்பது பட்டியல்களில் இருந்த பறவை பின்பு பத்தில் மட்டுமே இருக்குமாயின், குறைவு வெளிப்படுமன்றோ?

நண்பர்களே, இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. ஒரு வேலி, வாரத்தில் ஒரு காலை, அரை மணி நேரம் போதும். நாள், நேரம், இடம், கண்ட பறவைகள் அனைத்தையும் எழுதுங்கள். கீச்சான் இல்லையெனில் ‘இல்லை’ என்றே எழுதுங்கள். வந்த பறவை தன் குரலால் தன்னை அறிவித்துக் கொள்ளும். வராத பறவைக்கு நம் ஏடு ஒன்றே சான்று.