கணவர் கையெழுத்து இல்லாமல் கருக்கலைப்பு செய்ய முடியுமா?

கேள்வி: கணவர் குடித்துவிட்டு வந்து அடிப்பார். மறுத்தால் பலவந்தம். அப்படி உண்டானதுதான் இந்தக் கர்ப்பம். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 21 வாரம் 3 நாள் என்று இருக்கிறது. மருத்துவமனையில், "வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடணும், இல்லாட்டி எஃப்.ஐ.ஆர். கொண்டு வாங்க" என்கிறார்கள். அம்மாவோ "கலைச்சுத்தான் ஆகணும்" என்கிறார். நான் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராஜபாளையம்

பதில்: உங்களுக்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லிவிட்டேன். 24 வாரம் முடிய 18 நாள்தான் இருந்தது. இதழ் அச்சாகும்வரை காத்திருக்க முடியாது. இங்கே எழுதுவது இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக.

கணவர் கையெழுத்தை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. 1971-ஆம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் போதும். பாதுகாவலர் கையெழுத்து, சிறுமிகளுக்கும் மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மட்டுமே. நாளைக்குக் கணவர் வந்து சண்டை பிடிப்பாரோ என்ற பயத்தில் மருத்துவமனைகள் கேட்டு வாங்கும் கையெழுத்து இது.

20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும். அதுவும் 2021 திருத்த விதிகளில் சொல்லப்பட்ட பெண்களுக்குத்தான். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் அதில் வருகிறார்கள். "தாலி கட்டியவன் தொட்டால் வன்முறையா?" என்று கேட்பவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று பதில் சொல்லிவிட்டது. கருக்கலைப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை கணவரின் பலவந்தமும் பாலியல் வன்முறைதான் என்றது நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு. எஃப்.ஐ.ஆர். தேவையில்லை, குற்றம் நிரூபணமாகவும் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

ஆனால் இதே செயலுக்காகக் கணவர்மீது பாலியல் வன்கொடுமை வழக்குப் போட முடியாது. மனைவிக்கு 18 வயது நிறைந்திருந்தால் அது குற்றமில்லை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா. ஒரே சம்பவத்துக்கு இரண்டு சட்டம் இரண்டு பெயர் வைத்திருக்கிறது; எனக்கு இது இன்றுவரை உறுத்தல்தான். அதற்காகக் கையைக் கட்டி உட்கார வேண்டாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். உடனடி உதவிக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள்.

ராஜபாளையம் அரசு மருத்துவமனையில் முடியாதென்றால் விருதுநகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். மறுப்பவர்களிடம், "காரணத்தை எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறும். 24 வாரம் தாண்டிவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுப் போட வேண்டியிருக்கும். அதற்கு இலவச வழக்கறிஞர் வேண்டுமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் வேண்டாம். இத்தனை வாரத்தில் அது உயிருக்கே ஆபத்து.

அம்மா விஷயம். உங்கள்மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். இருந்தாலும், பெற்றுக்கொள்வதும் உங்கள் உரிமைதான். பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைத்தால் ஆயுள் தண்டனைவரை போகலாம். மருத்துவரிடம் பேசும்போது அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லுங்கள்.