மகனின் விண்ணப்பத்தில் வாப்பாவின் கடை

பிள்ளைக்கு அரசாங்கத் தொழிற்பயிற்சியில் இடம் எடுக்க வேண்டுமென்றால், நமது வியாபாரிகளில் பலர் யாரைப் பிடிக்கலாம் என்றுதான் முதலில் விசாரிக்கின்றனர். படிவத்தை எப்படி நிரப்புவது என்று கேட்பவர் குறைவு.

கற்பிட்டியில் படகு எஞ்சின் திருத்தும் ஒருவரின் மகன் அண்மையில் தனது விண்ணப்பத்தை என்னிடம் காட்டினார். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை, அதாவது நைட்டா ஊடாக மோட்டார் பொறித் தொழில் பழக விரும்புகின்றார். 'அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார்! மூன்று வருடமாகப் பாடசாலை விட்டதும் வாப்பாவுடன் எஞ்சின் கழற்றிப் பூட்டும் பிள்ளை. சம்பளம் வாங்காத வேலையை அனுபவம் என்று போடலாமா என்பது அவரது சந்தேகம்.

தாராளமாகப் போடலாம். ஆனால் அதற்கு எழுத்து வேண்டும். கடையின் பெயர் அச்சிட்ட கடிதத் தாளில், வியாபாரப் பதிவு இலக்கத்துடன், எந்த மாதம் முதல் என்னென்ன வேலை செய்தார் என்று வாப்பா எழுதிக் கொடுக்கட்டும்: கார்புரேட்டர் சுத்தம் செய்தல், பிளக் மாற்றுதல், கியர் ஒயில் மாற்றுதல். 'நல்ல ஒழுக்கமுள்ளவர்' என்ற வழமையான வரியால் பெரிய பயனில்லை. நேர்முகப் பரீட்சையில் அந்தக் கடிதத்திலிருந்தே கேள்வி வரலாம். செய்யாத வேலையை எழுதக் கூடாது. கடை இன்னும் பதியப்படவில்லை என்றால் பிரதேச செயலகத்துக்குப் போக இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் 'முஹம்மது', அடையாள அட்டையில் 'மொஹமட்', பரீட்சைச் சான்றிதழில் முதலெழுத்து மாத்திரம். நம்மவர் மத்தியில் இது சாதாரணம். முடிவுத் திகதிக்கு முதல்நாள் இதைக் கண்டுபிடித்து ஓடித் திரிவதில் பயனில்லை.

"படிக்கப் போனால் கடையை யார் பார்ப்பது?" என்று அந்த வாப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். 1971 இன் 49 ஆம் இலக்கச் சட்டத்தில் பயிலுநர் சபையாகத் தொடங்கி, 1990 இன் 20 ஆம் இலக்கச் சட்டத்தால் இன்றைய வடிவம் பெற்ற இந்த நிறுவனம், பெரும்பாலும் வேலைத்தளத்திலேயே தொழில் பழக்குகின்றது. தொழில் தருநர், பயிலுநர், அதிகார சபை ஆகிய மூவருக்கும் இடையில் ஒப்பந்தம் உண்டு. முடிவில் கிடைக்கும் தேசிய தொழிற் தகைமை, 4 ஆம் மட்டத்துடன் நின்றுவிடுவதல்ல. 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். நுரைச்சோலையில் 2014 இல் பூர்த்தியான 900 மெகாவோட் மின்நிலையம் போன்ற இடங்களில் வாப்பாவின் கைராசியைச் சொல்லி உள்ளே போக முடியாது.

அந்த வாப்பாவுக்கும் ஒரு வழி உண்டு. பயிற்சி வகுப்புக்குப் போகாமலே, இத்தனை வருட வேலையைப் பரிசோதித்து அதே தகைமைச் சான்றிதழைப் பெறலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். மகனின் படிவத்தோடு அதற்கான படிவத்தையும் கேட்டு வாங்கும்படி சொல்லியிருக்கின்றேன்.