கணித வினா-விடை: கோடும் சமன்பாடும்

கேள்வி: 2எக்ஸ் + 3ஒய் = 6 என்பதன் சாய்வு 2 என்று எழுதியதற்கு மதிப்பெண் தரவில்லை. ஏன்?
— பத்தாம் வகுப்பு மாணவி

பதில்: ஒய் தனித்து நிற்காத சமன்பாட்டில் சாய்வைத் தேடாதே, அம்மா. ஒய் = −(2/3)எக்ஸ் + 2 என்று மாற்றி எழுதிப் பார். சாய்வு −2/3, வெட்டுத்துண்டு 2.

கேள்வி: எக்ஸ் = 4 என்ற கோட்டின் சாய்வு பூஜ்யந்தானே?

பதில்: இல்லை. பூஜ்யச் சாய்வு கிடைக்கோட்டுக்கு உரியது. நிலைக்குத்துக் கோட்டுக்குச் சாய்வே வரையறுக்கப்படவில்லை.

கேள்வி: நான்கு சமன்பாடுகளை நான்கு வரைபடங்களோடு பொருத்தச் சொன்னார்கள். மிகவும் செங்குத்தாக இருந்த கோட்டுக்குப் பெரிய சாய்வைக் கொடுத்தேன், தவறென்கிறார்கள்.
— ஒரு மாணவன்

பதில்: தவறுதான், தம்பி, விடைத்தாள்தோறும் நான் கண்டு வருந்தும் தவறு. அச்சுகளின் ஓரத்தில் எழுதியுள்ள எண்களை ஏறெடுத்தும் பாராமல், கண்ணுக்குச் செங்குத்தாகத் தோன்றும் கோட்டுக்கே சாய்வு மிகுதி என்று நிர்ணயித்துவிடும் பழக்கம் எங்கிருந்துதான் வந்ததோ! அளவுத்திட்டம் எழுதுவது பரீட்சகரைத் திருப்தி செய்வதற்கான சடங்கு என்று எண்ணுகிறவர்கள், அதை மாற்றினால் கோட்டின் தோற்றம் மாறுமேயன்றிச் சாய்வு மாறாது என்பதை ஒரு முறையேனும் வரைந்து பார்த்திருக்கமாட்டார்கள். செல்சியஸைப் ஃபாரன்ஹீட்டாக்கும் ஒய் = 1.8எக்ஸ் + 32 என்ற கோட்டையே எடுத்துக்கொள்: இரண்டு அச்சுகளிலும் 1 செ.மீ.க்கு 20 பாகை என்று வைத்து வரைந்தால் அது செங்குத்தாக ஏறும். கிடையச்சில் 1 செ.மீ.க்கு 10 பாகை, நிலையச்சில் 1 செ.மீ.க்கு 40 பாகை என்று வைத்தாலோ, ஒரு செ.மீ. நகர்வதற்கு 0.45 செ.மீ. மட்டுமே உயர்ந்து தாழக் கிடக்கும். ஆயினும், நீர் உறையும் 0 பாகையிலிருந்து கொதிக்கும் 100 பாகைக்குப் போகையில், ஃபாரன்ஹீட் 32-இலிருந்து 212 வரை 180 பாகை உயர்வதில் அணுவளவும் வேற்றுமை இராது.

ஆகையால் முதலில் அச்சுகளின் எண்களைப் படி. பிறகு ஒய் அச்சைக் கோடு எங்கே வெட்டுகிறதென்று பார். பெரும்பாலும் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். வெட்டுத்துண்டு சமமாக உள்ள கோடுகளைச் சாய்வின் குறியால் பிரி. அதுவும் போதாதபோது, கட்டங்களின் மூலைகளில் பிசகாமல் விழும் இரண்டு புள்ளிகளை எடுத்து, ஒய்யின் மாற்றத்தை எக்ஸின் மாற்றத்தால் வகு. படத்தின் இடது விளிம்பையே ஒய் அச்சு என்று நம்பிவிடாதே. மேற்சொன்ன கோட்டைக் கிடையச்சு 20-இல் தொடங்கும்படி வரைந்தால், விளிம்பில் காண்பது 68, வெட்டுத்துண்டோ 32தான்.

கேள்வி: என் மகன் சாய்வைப் பற்றியே நினையாமல், எக்ஸுக்கு இரண்டு மதிப்புகளைப் பிரதியிட்டு, கிடைக்கும் புள்ளிகளைக் கொண்டே பொருத்துகிறான். கண்டிக்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு புள்ளிகள் ஒரு நேர்கோட்டை நிர்ணயித்துவிடும். பையன் நல்ல வழியில்தான் போகிறான், சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. மூன்றாவது புள்ளி ஒன்றையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டலிலோ கழித்தலிலோ பிசகியிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.