எக்ஸெல்லில் வேக விகிதம்

திருப்பூரிலிருந்து பனியன் பெட்டிகளுடன் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் லாரி தாமதமானால் கப்பல் தவறிவிடும். "டிரைவரை இன்னும் 20 கிலோமீட்டர் கூட்டி ஓட்டச் சொல்லுங்கள்" என்பார்கள். அந்த 20 எவ்வளவு நேரத்தை மிச்சமாக்கும்? எக்ஸெல்லில் பார்ப்போம். கணக்குக்கு வசதியாக, தூரத்தை 300 கி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏ2 செல்லில் பழைய வேகம் 40, பி2-வில் புதிய வேகம் 60 என டைப் செய்யுங்கள். சி2-வில் =பி2/ஏ2 என்று (ஆங்கில எழுத்தில்தான்) அடித்து என்டர் தட்டினால் 1.5 வரும். இதுதான் விகிதம். டி2-வில் =300/ஏ2-300/பி2 கொடுங்கள். மிச்சம் 2.5 மணி நேரம். ஈ2-வில் =சி2*சி2; விடை 2.25. பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் ஏறக்குறைய இத்தனை மடங்காகும்.

அடுத்த வரிசையில் 60, 80 கொடுத்து, சி2 முதல் ஈ2 வரை தேர்வு செய்து, மூலையிலுள்ள சிறு கட்டத்தை மவுஸால் கீழே இழுங்கள். கூட்டியது அதே 20. ஆனால் விகிதம் 1.33, மிச்சம் ஒன்றேகால் மணிதான்! பிரேக் தூரமோ 1.78 மடங்கு. நானாக இருந்தால் லாரியை ஒன்றேகால் மணி முன்னதாகக் கிளப்பிவிடுவேன்.

வேகம் குறைந்தாலும் இதே பார்முலாதான். 60-லிருந்து 40-க்கு இறங்கினால் 0.67; அதாவது 33 சதவீதக் குறைவு, 50 அல்ல.