மைதா மாவும் ஏ.ஆர். காப்பியும்

வியட்நாம் போரில் சண்டை போட்ட ஒருவர், கொதிநீரில் வெந்துபோன நண்பரின் கையை மைதா மாவுக்குள் பத்து நிமிடம் புதைத்து வைக்கச் சொன்னாராம். எடுத்துப் பார்த்தால் கொப்புளம்கூட இல்லையாம். மின்னஞ்சல் காலத்தில் ஆங்கிலத்தில் சுற்றிய கதை இது. இப்போது வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. அந்தப் போர்வீரருக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. மாவை அப்பிப் புண் சீழ் பிடித்தால் யாரைப் போய்க் கேட்பது?

விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் தீக்காயம் பற்றி ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அதில் எதை நம்புவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: சொன்னது தப்பானால் சொன்னவரைத் திரும்பப் போய்க் கேட்க முடியுமா? வார்டு நர்சைக் கேட்கலாம். 104 மருத்துவ உதவி எண்ணுக்கு மறுபடி போன் போடலாம். ஃபார்வர்டைக் கேட்க முடியாது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கே அடிக்கடி காதில் விழும் சிலவற்றைப் பார்ப்போம்.

“தண்ணி ஊத்தாதீங்க, கொப்புளம் போட்டுரும்!”

இதைவிடக் கெடுதல் செய்த நம்பிக்கை இந்த வட்டாரத்தில் வேறு இருக்காது. கொப்புளம் போடுவது தண்ணீரால் அல்ல, தோலுக்குள் இறங்கிய சூட்டால். தீ அணைந்த பிறகும் அந்தச் சூடு உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். அதை நிறுத்த ஓடும் தண்ணீரைப்போல வேறெதுவும் கிடையாது. குழாயடியில் 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து, காட்ட வேண்டும். பதற்றத்தில் இரண்டு நிமிடமே இருபது போலத் தெரியும், அதனால்தான் கடிகாரம். உடனே முடியாமல் போனாலும் காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், அது ரத்த ஓட்டத்தைச் சுருக்கிக் காயத்தை ஆழமாக்கும். உடம்பில் பெரும்பகுதி வெந்திருந்தாலோ, குழந்தையாக இருந்தாலோ, காயம்படாத இடத்தைப் போர்த்திவிட்டு ஊற்ற வேண்டும். உடம்பு ஒரேயடியாகச் சில்லிட்டுவிடக்கூடாது.

பட்டாசு ஆலையில் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. துணியிலும் தலைமுடியிலும் மருந்துப் பொடி ஒட்டியிருக்கும். அலுமினியத் தூள் கலந்த மருந்து ஈரம் பட்டால் தானாகவே சூடேறும் என்று எந்தப் போர்மேனைக் கேட்டாலும் சொல்வார். ஆகவே உலர்ந்த பொடியை முதலில் தட்டி உதறிவிட்டு, அந்தத் துணியையும் கழற்றிவிட்டு, பிறகு தண்ணீரைச் சிக்கனம் பார்க்காமல் ஊற்ற வேண்டும். சதையோடு ஒட்டிப்போன நைலான் துணியை மட்டும் பிய்க்கக்கூடாது. வளையல், மோதிரம், மெட்டி, கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு மெட்டியை வெட்டித்தான் எடுக்க முடியும்.

இதையெல்லாம் செய்வது வெடித்த இடத்தில் இல்லை, அதற்கு வெளியே, தூரத்தில். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்து, என்னவோ ஏதோவென்று ஓடிவந்த அக்கம்பக்கத்து மக்கள்.

“இங்க் ஊத்து, பேஸ்ட் தடவு”

நீல இங்க், பற்பசை, காபித்தூள், முட்டை வெள்ளைக்கரு, நெய். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று. இவற்றில் எதுவும் சூட்டை வெளியே எடுப்பதில்லை. சில அதை உள்ளேயே பூட்டிவைக்கும். காயம் சிவப்பா, வெளுப்பா, கருகலா என்று பார்த்துத்தான் ஆழத்தை டாக்டர் கணிக்கிறார். நீல இங்க் ஊற்றிக் கொண்டுபோனால் அவர் எதைப் பார்ப்பார்? முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த வலியை அனுபவிப்பது இங்க் ஊற்றியவர் இல்லை.

வாழை இலை விஷயத்தில் மட்டும் பாட்டிமார்கள் பாதி சரி. மும்பையில் மருத்துவர்கள் வாழை இலையைத் தீக்காயத்துக்குக் கட்டாகப் போட்டு ஆராய்ந்து, வலியில்லாமல் பிரித்தெடுக்க வருகிறது, செலவும் சொற்பம் என்று 2003-லேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது மருத்துவமனையில் நீராவியில் கிருமி நீக்கிய இலை. கொல்லையில் அறுத்து வேட்டியில் துடைத்த இலை வேறு. வீட்டிலிருந்து புறப்படும்போது துவைத்த பருத்தித் துணியால் லேசாக மூடி 108 ஆம்புலன்ஸில் ஏற்றினால் போதும்.

“போலீஸ் கேஸு, எழுதினாத்தான் சேர்ப்பாங்க”

1989-ல் பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு முதலில் சிகிச்சை, சட்டச் சடங்கெல்லாம் பிறகு. அரசு மருத்துவருக்கும் தனியார் மருத்துவருக்கும் இது பொது.

ஆனால் போலீஸ் பயம் இன்னொரு வழியில் காலை வாருகிறது. விபத்துப் பிரிவில் நுழைந்ததும் டியூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, “எப்படி ஆச்சு?” பதிலை அவர் ஒரு பெரிய பதிவேட்டில் எழுதுவார்: பெயர், வயது, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் கூட்டிவந்தார், என்ன சொன்னார், உடம்பில் எங்கெங்கே காயம். இதுதான் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். இதன் நகலைத்தான் எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்கிறோம். அந்த நேரத்தில் கூட வந்தவர் யாரையாவது காப்பாற்ற நினைத்து, “வீட்டுல அடுப்பு பத்த வைக்கும்போது பட்டுருச்சு டாக்டர்” என்று சொல்லிவிட்டால் ஏட்டில் அதுதான் ஏறும். மூன்று மாதம் கழித்து இழப்பீடு கேட்டுப் போகும்போது எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டும் காகிதமும் அதுவாகத்தான் இருக்கும். பிறகு மாற்றிச் சொன்னால் நிரூபிக்கிற பாரம் முழுக்க அடிபட்டவர் தலையில்.

வேலை பார்க்கும்போது நடந்தது என்றால் ஆலையின் பெயர், எந்த அறை, என்ன வேலை என்பதை அப்படியே சொல்ல வேண்டும். சிகிச்சைக்கும் அது உதவும். என்ன மருந்துக் கலவை, மூடிய அறையில் புகையை உள்ளிழுத்தாரா என்பது தெரிந்தால்தான் மூச்சுக்குழலையும் சேர்த்துக் கவனிப்பார்கள். முகம் கருகி, மூக்கு முடி பொசுங்கி, குரல் கம்மியிருந்தால், ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அது அவசரம்தான்.

“தீக்காயம்னா நேரா மதுரைதான்” என்பதும் இதோடு சேர்ந்த பேச்சு. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் பெயர் சும்மா வந்ததில்லை. ஆனால் சிவகாசி அரசு மருத்துவமனையிலேயே தீக்காயப் பிரிவு இருக்கிறது. விருதுநகரில் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. பெரிய தீக்காயத்தில் உடம்பின் நீர்ச்சத்து மணிக்கணக்கில் வடிந்துகொண்டே போகும். பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையில் நரம்பில் திரவம் ஏற்றி, மூச்சைச் சரிபார்த்து, பிறகு ஆம்புலன்ஸில் அனுப்புவதும், வாடகைக் காரில் அப்படியே மதுரைக்கு விரட்டுவதும் ஒன்றாகாது.

“சேந்து ஒரு வாரம்தான் ஆச்சு, இ.எஸ்.ஐ. எப்படிக் கிடைக்கும்?”

கிடைக்கும். சாதாரண நோய்க்கு விடுப்புப் பணம் கேட்டால்தான் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு வரும். வேலையில் அடிபட்டால் அந்தக் கணக்கே கிடையாது. முதல் நாள் வேலைக்குப் போனவருக்கும் உண்டு. குரோஸ் கணக்கில் கூலி வாங்கும் பெண்கள், “நாங்க பீஸ் ரேட்டு, எங்களுக்கு இல்லை” என்பார்கள். இருக்கிறது. பீஸ் ரேட் ஆட்களும் காண்டிராக்டர் மூலம் வந்தவர்களும் இ.எஸ்.ஐ.யில் அடக்கம். சம்பள உச்சவரம்பு 2017-ல் மாதம் 21,000 ரூபாய் ஆக்கப்பட்டது. 2019 முதல் தொழிலாளி பிடித்தம் நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூன்றேகால்.

இதற்குக் கிடைப்பது சிறிய தொகை இல்லை. வேலைக்குப் போக முடியாத காலம் முழுக்கச் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம். நிரந்தர ஊனமானால் அதன் அளவுக்கேற்ப மாதாமாதம். இறந்துபோனால் குடும்பத்துக்கு உதவித்தொகை. சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது.

“முதலாளி பணமே கட்டலையாமே?” இ.எஸ்.ஐ.க்கு உட்பட்ட நிறுவனமாக இருந்து, முதலாளி சந்தா கட்டத் தவறியிருந்தால், தொழிலாளிக்குப் பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க இ.எஸ்.ஐ. கழகத்துக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. கட்டாமல் விட்ட குற்றத்துக்கு அடிபட்டவர் பலியாக வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் நம்பரை இன்றே கேட்டு செல்போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விபத்தன்று யாரும் எடுத்துத் தரமாட்டார்கள்.

“48 மணி நேரம் கவர்மென்ட்டே பார்த்துக்கும்ல?”

தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை ஆலை விபத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய அது சாலை விபத்துக்கு மட்டும். ஆலை வெடிவிபத்துக்குப் பொருந்தாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு தனி: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று கொண்டுபோய் கலெக்டர் ஆபீஸ் மையத்தில் பதியலாம். இதற்குப் புரோக்கர் தேவையே இல்லை. சந்தேகம் இருந்தால் 1800 425 3993, கட்டணமில்லை.

“முட்டை கொடுக்காதீங்க, சீழ் வைக்கும்”

தீக்காய வார்டுக்கு வெளியே உறவினர்கள் வெறும் கஞ்சியும் ரசமும் தூக்குவாளியில் கொண்டுவருவதற்குப் பின்னால் இந்த நம்பிக்கைதான் இருக்கிறது. சீழ் வைப்பது கிருமியால், முட்டையால் இல்லை. வெந்த உடம்பு புதுத் தோலைப் புரதத்திலிருந்துதான் செய்ய வேண்டும். பெரிய தீக்காயம்பட்டவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் புரதம் தேவை. ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 75 முதல் 100 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கும். கணக்கைப் பாருங்கள், கஞ்சியில் அது எப்படி வரும்? முட்டை, மீன், பருப்பு, பால், நிலக்கடலை, எது இறங்குகிறதோ அது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பத்தியம் சொல்லும் பெரியம்மாவிடம் சண்டை போடாமல், ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் வாயால் அவர் காதுபடச் சொல்ல வைப்பது நல்லது.

“புண் ஆறிருச்சு, இனி ஆஸ்பத்திரி எதுக்கு?”

ஆறும் தோல் சுருங்கும். கழுத்து வெந்தவருக்குத் தலையணை வைத்தால் இதமாக இருக்கும். இதமாகவே படுத்திருந்தால் தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். நோயாளிக்கு எந்த நிலை சுகமோ அந்த நிலையில்தான் மூட்டு மடங்கி இறுகும். கழுத்துக்குத் தலையணை வேண்டாம், விரல்களை நீட்டிக் கட்டு, வலித்தாலும் தினம் பயிற்சி என்று பிசியோதெரபிஸ்ட் சொல்வதைத் தட்டக்கூடாது. தழும்பு தடிக்காமல் இருக்க இறுக்கமான உடையைக் குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்க, பல மாதங்கள் போடச் சொல்வார்கள். நம்மூர் மே மாத வெயிலில் அது நரகம்தான். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஏற்கெனவே மடங்கிப்போன கைக்கும் அறுவைசிகிச்சை உண்டு. வருடங்கள் ஓடிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம்.

“வேலை முடிஞ்சு வெல்லம் தின்னா தூசி இறங்கிரும்”

தீக்காயம் இல்லாவிட்டாலும் இதுவும் ஆலைப் பேச்சுதான். வெல்லம் போவது வயிற்றுக்கு, தூசி இருப்பது நுரையீரலில். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். அதை விட்டு வெல்லக்கட்டியோடு ஒரு வருடத்தைக் கடத்தக்கூடாது.

“பேய் பிடிச்சிருக்கு, திருநீறு போட்டா போதும்”

விபத்துக்குப் பிறகு இரவில் தூக்கம் வராமல், படார் என்று கதவு சாத்தினாலே நடுங்குகிறவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். அதைப் பேய் பிடித்தது என்று சொல்லித் திருநீறு போட்டு முடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திருநீறு போடட்டும், போனும் போடட்டும்.

“வக்கீல் வைக்க நம்மகிட்ட ஏது காசு?”

வழக்குச் செலவுக்கும் வழி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளிகளுக்கும், தொழிற்சாலைப் பேரழிவில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவசமாக வக்கீல் வைத்துத் தரச் சொல்கிறது. இவர்களிடம் வருமானச் சான்று கேட்பதற்கில்லை. எண் 15100. மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். விஷயம் தெரியாமல் விருதுநகருக்குப் போய் ஒருநாள் கூலியை இழக்க வேண்டாம். மனுவைத் தமிழில் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுதிக்கொள்வது அந்த அலுவலகத்தின் கடமை.